சவ்வு கறுக்கும் வரை

ஊரில் யாராவது என் வேலை என்ன என்று கேட்டால், கிருமி எப்படி உயிரணுவில் ஓட்டை போடுகிறது என்று பார்க்கும் வேலை என்பேன். அதற்கு மேல் கேட்டவர்கள் குறைவு. “காலேஜ் டீச்சர்தானே” என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். வாரத்தில் சில வகுப்புகள் எடுக்கிறேன் என்பதால் அதுவும் தப்பில்லை.

தஞ்சாவூரை விட்டு வெளியே போகும் சாலையில், வயல்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் கட்டடம் இருக்கிறது. தரைத்தளத்தில் கடைசி அறை என்னுடையது. அங்கே ஒரு கிரானைட் பலகை. அது அதிராமல் இருக்க அடியில் காற்றடித்த ஸ்கூட்டர் ட்யூப்கள். மேலே பித்தளை வலையால் ஒரு கூண்டு. கூண்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைத் தொட்டி. தொட்டியை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. இருபுறமும் உப்புத் தண்ணீர் நிரப்பி, அந்தத் துளையின் மேல் கொழுப்புக் கரைசலை மெல்லிய தூரிகையால் ஒரு முறை இழுத்துவிட வேண்டும். லென்ஸில் பார்த்தால், மழைத் தண்ணீரில் டீசல் சிந்தியது மாதிரி முதலில் பச்சையும் ஊதாவுமாக வண்ணங்கள் ஓடும். பிறகு படலம் மெலியும். ஒரு ஓரத்திலிருந்து கறுப்பு பரவத் தொடங்கும். முழுக்கக் கறுத்துவிட்டால், நம் உடம்பில் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றியிருக்கும் சவ்வின் தடிமனுக்கு அது வந்துவிட்டது என்று அர்த்தம். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பக்கூட முடியாத அளவுக்கு மெல்லிசு.

அப்புறம் ஒரு பக்கத் தண்ணீரில் நச்சைத் துளி விட்டுவிட்டு, கணினித் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சவ்வு முழுசாக இருக்கும்வரை, தண்ணீரில் இறக்கிய கம்பி வழியாகக் கொடுக்கும் மின்சாரம் அந்தப் பக்கம் போகாது. கோடு தரையோடு தரையாக ஓடும். ஒரு ஓட்டை விழுந்தால் கோடு ஒரு படி ஏறும். அந்த ஒரு படிக்காகத்தான் இத்தனையும்.

மின்விசிறி போட்டால் சவ்வு கிழியும். சாலையில் நெல் மூட்டை ஏற்றிய லாரி போனால் கிழியும். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தால் கிழியும். பக்கத்தில் கைபேசி அடித்தால் கோடு கிறுக்கிவிடும். அதனால் கட்டடம் காலியாக இருக்கும் நாட்கள்தான் எனக்கு வேலை நாட்கள். ஞாயிற்றுக்கிழமைகள், பொங்கல் விடுமுறை, ஊர்த் தேர்தல் நாள். கைபேசியை நடைபாதையில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கழுத்தில் ஒரு துண்டோடு உட்காருவேன். வாட்ச்மேன் மதியம் ஒரு முறை வந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பார். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். சில ஞாயிறுகளில் நான் மனிதர்களோடு கொண்ட பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

முன்பு என்னோடு ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். நான் சவ்வு போட, அவள் திரையைப் பார்ப்பாள். பட்டம் வாங்கியதும் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். போன புதிதில் ஒரு படம் அனுப்பினாள். அங்கே மேசையே காற்றில் மிதக்கிறதாம், கீழே ரயில் போனாலும் தெரியாதாம். “நம்ம ஸ்கூட்டர் ட்யூப்பை நினைச்சுக்கிட்டேன் மேடம்” என்று எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே பதில் போட்டேன். அதன் பிறகு அந்த அறையில் இரண்டாவது நாற்காலியை எடுத்து வெளியே போட்டுவிட்டேன், கால் இடிக்கிறது என்று.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு குரல் இருந்தது. மன்னார்குடிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தவள். கடைசி வருடங்களில் என் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து, கீழே போகிறவர்களை யார் என்றே தெரியாமல் எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகு தம்பி கூப்பிட்டான், பட்டுக்கோட்டைக்கே வந்துவிடு என்று. அவனுக்குத் தேங்காய் மண்டி, பிள்ளைகள், மாமியார் எல்லாம் உண்டு. தீபாவளிக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவேன். மூன்றாவது நாள் எல்லோரும் எனக்காகத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்க ஆரம்பிப்பார்கள். அது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நான் வைத்திருக்கும் கிருமி எங்கோ தூர தேசத்தது இல்லை. ஆற்றிலும் வாய்க்காலிலும் வயல் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பது. பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆழமாக வெட்டுப்பட்ட காலில், அதுவும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் இறங்கிவிட்டால் சதையைத் தின்றுகொண்டே மேலே ஏறும். அதன் ஆயுதம் ஒரு நச்சு. அதன் மூலக்கூறுகள் தனித்தனியாக வந்து சவ்வின் மேல் ஒட்டும். ஏழு சேர்ந்தால் வளையமாகி உள்ளே இறங்கும். நடுவில் ஓட்டை. உயிரணு உப்பி வெடித்துவிடும்.

என்னிடம் இருந்த கிருமி ஒரு மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து சிறு குழாயில் வந்தது. மேலே ஒரு எண், ஒரு மாதம், ஒரு வருடம். பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. குழாயைக் கொடுத்த டாக்டர் அம்மா மட்டும் போகிறபோக்கில் சொன்னார்: “நடவுக்குப் போன பொம்பள, குத்தாலம் பக்கம். பாவம்.” அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அதைப் பத்து வருடத்துக்கு மேலாக வளர்த்து, அதன் நச்சைப் பிரித்து, ஒவ்வொரு விடுமுறையிலும் அதோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் அதிகம் நினைத்ததில்லை என்பதுதான் உண்மை.

சில வருடங்களுக்கு முன், குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகளுக்கு முகாம் நடந்தது. உரம், விதை பற்றிப் பேச வந்தவர்களுக்கு நடுவில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தார்ப்பாய் கொடுப்பதாகச் சொல்லியிருந்ததால் கூட்டம் நன்றாக இருந்தது. நான் எளிமையாகச் சொன்னேன். காலில் வெட்டுப்பட்டால் சேற்றோடு வைத்து மஞ்சள் அப்பாதீர்கள். சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வீக்கம் மளமளவென்று ஏறினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பிறகு, எல்லோரும் கொட்டாவி விடுவதைப் பார்த்து, கொஞ்சம் கவனம் வரட்டும் என்று சொன்னேன்: “எங்க லேப்ல இருக்கிற கிருமியே உங்க பக்கத்து ஒருத்தங்க கால்லேர்ந்து எடுத்ததுதாங்க.”

டீ கொடுக்கும்போது ஒரு அம்மாள் வந்து என் பக்கத்தில் நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். கொஞ்சம் சாய்ந்து நடந்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்கக்கா.”

“அந்தக் காலு எந்த வருசத்துக் காலுங்க?”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவர் சேலையை லேசாகத் தூக்கிக் காட்டினார். இடது முழங்காலுக்குக் கீழே ரப்பர் கால். அதற்கும் ஒரு செருப்பு போட்டிருந்தார்.

“சம்பா நடவு. எவனோ குடிச்சிட்டு வீசுன பாட்டிலு சேத்துக்குள்ள ஒடஞ்சு கெடந்துச்சு. குத்துனது சாயங்காலம். எனக்குச் சர்க்கர வேற. மறுநா முழங்கால் வரைக்கும் வீங்கிப் போச்சு, கறுப்பா கொப்புளம். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனப்ப எனக்கு நெனவு இல்ல.” அவர் வருடத்தையும் மாதத்தையும் சொன்னார். என் குழாயின் மேல் எழுதியிருந்தது அதே மாதம், அதே வருடம்.

“யாருதுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்கக்கா. நம்பரும் மாசமும் வருசமுந்தான் இருக்கும். உங்களுதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது.”

“என்னுதா இருக்கலாம்ல?”

“இருக்கலாம்.”

அவர் டீயைக் கையில் வைத்தபடியே நின்றார். “நான் அத ஒரு தடவ பாக்கணுங்க.”

துறைத் தலைவரிடம் கேட்டேன். கிருமி வளர்க்கும் அறைக்குள் விடக்கூடாது, மூடி ஒட்டிய தட்டை வெளியே எடுத்து வந்து காட்டலாம் என்றார். விஜயதசமி அன்று வரச் சொன்னேன். அன்று கட்டடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். முந்தைய நாள் மாணவர்கள் ஆயுத பூஜை போட்டிருந்தார்கள். இன்குபேட்டர், ஃப்ரீசர், என் பித்தளைக் கூண்டு எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். மேசையில் பொரி சிந்திக் கிடந்தது.

அவர் கும்பகோணம் வழியாக இரண்டு பஸ் மாறி, தனியாக வந்திருந்தார். வாசலில் பழக்கத்தில் இரண்டு செருப்பையும் கழற்றினார். ரப்பர் காலின் செருப்பைக் குனிந்து கையால் கழற்ற வேண்டியிருந்தது. “போட்டுக்கங்கக்கா, இங்க செருப்போடதான் வரணும்” என்றேன். மறுபடி குனிந்து போட்டுக்கொண்டார். நான் முன்பே சொல்லியிருக்கலாம்.

தட்டைக் காட்டினேன். சிவப்பான ரத்தக் கூழின் மேல் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சிவப்பு போய், கண்ணாடிபோல் தெளிந்த வட்டம்.

“யாரு ரத்தம்?”

“ஆட்டு ரத்தம்.”

“இந்த வெள்ளையா இருக்கிறதா அது?”

“ஆமா. அதச் சுத்தி தெளிஞ்சு இருக்குல்ல, அங்க இருந்த ரத்த அணுவெல்லாம் ஒடஞ்சு போச்சு.”

அவர் தட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கோபமோ பயமோ எதுவும் இல்லை. கடையில் துணி பார்ப்பது மாதிரி இருந்தது.

பிறகு, கிருமி எதுவும் இல்லாத என் அறைக்கு அழைத்துப்போனேன். வெளியே போட்டிருந்த அந்த இரண்டாவது நாற்காலியை எடுத்து வந்து போட்டேன். சுத்தப்படுத்திய நச்சு மட்டும்தான் இங்கே இருக்கிறது, தொட வேண்டாம், நான் சவ்வு போட்ட பிறகு அசையாமல் உட்கார வேண்டும் என்று சொன்னேன். மின்விசிறியை நிறுத்தினேன். முதல் சவ்வு கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. அடுத்தது நின்றது. லென்ஸில் பார்க்கச் சொன்னேன். வண்ணம் ஓடுவதையும் கறுப்பு பரவுவதையும் பார்த்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நச்சை விட்டேன்.

கோடு ஓடிக்கொண்டே இருந்தது. நெடுநேரம். பக்கத்தில் ஒருவர் மூச்சு விடும் சத்தத்தை அந்த அறையில் நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவருக்கு முகத்தில் வியர்வை வழிந்தது, துடைக்கக்கூட கையைத் தூக்கவில்லை.

கோடு ஒரு படி ஏறியது.

“இதான்” என்றேன்.

“இதுவா?”

“ஏழு சேர்ந்து ஒரு ஓட்டை போட்டிருக்கு. ஒரே ஒரு ஓட்டை.”

இன்னொரு படி ஏறியது. அப்புறம் இன்னொன்று. பிறகு சவ்வு தாங்காமல் கிழிந்து, கோடு திரையைவிட்டே மேலே போய்விட்டது. நான் மின்விசிறியைப் போட்டேன்.

அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். “அதே வயல்ல எட்டுப் பேரு நட்டோம். எல்லாரும் வெறுங்காலு. இதுக்கு என் மேல மட்டும் என்னங்க கோவம்?”

“கோவமெல்லாம் இல்லக்கா. பாட்டில் உங்க கால்ல குத்துச்சு. உங்களுக்குச் சர்க்கரையும் இருந்துச்சு. தண்ணில இருந்தது, வழி கெடச்சுது, உள்ள போயிடுச்சு. நீங்க யாருன்னு அதுக்குத் தெரியாது.”

“தெரியவே தெரியாதா?”

“தெரியாது. அனுப்புறதுக்கும் ஆள் இல்ல, தானா தேடியும் வராது.”

பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி, பக்கத்து வீடு. வேலி விஷயமாக இரண்டு பேருக்கும் சண்டை நடந்த வாரத்தில்தான் கால் போனது. செய்வினை என்று யாரோ சொன்னார்கள். குறி கேட்ட இடத்திலும் பக்கத்திலேயே இருக்கும் பெண் என்றார்கள். அன்றிலிருந்து ஓரகத்தியோடு பேச்சு கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவள் கொண்டுவந்த கஞ்சியைத் தொடவில்லையாம்.

“இது என்னன்னா ஒரு கோடு ஏறுதுங்குறீங்க. இதுக்கு ஆளு தெரியாதுங்குறீங்க” என்றார். என்னிடம் சொல்வது மாதிரி இல்லை.

அவர் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அறைக்குள் சாப்பிடக்கூடாது என்பதால் நடைபாதையின் முனையில், வயலைப் பார்த்த படிக்கட்டில் உட்கார்ந்தோம். எதிரே வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. தூரத்தில் நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நீங்க யாரோட இருக்கீங்க?”

“தனியாத்தான்.”

அவர் உச்சுக்கொட்டவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

“எனக்கு வீட்டுக்காரரு இருக்காரு. அறுவடை மெஷினு ஓட்டப் போனாருன்னா மாசக்கணக்குல வர மாட்டாரு. மொதல்லல்லாம் எங்க நடவு செட்டு ஆளுவ காலைல வேன்ல போறப்ப எங்க வாசல்ல ஹாரன் அடிப்பாங்க. நான் ஓடிப்போயி ஏறிக்குவேன். இப்ப ஹாரன் அடிக்காம மெதுவா போறாங்க. எனக்கு வருத்தமா இருக்கும்னு.” கையில் ஒட்டிய சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அடிச்சாக்கூட தேவலாம்னு இருக்கும்.”

கிளம்பும் முன் அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டார். “அத சாவடிக்க முடியுமா?”

“எப்படியும் இன்னைக்கு அந்தத் தட்டு அதுக்குத்தான் போகணும்.”

ஆட்டோகிளேவ் என்பது ஒரு பெரிய பிரஷர் குக்கர் மாதிரிதான். தட்டைப் பையில் கட்டி உள்ளே வைத்து, மூடியைத் திருகிவிட்டு, சுவிட்சைக் காட்டினேன். அவர் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். நீராவி சீறும்வரை பக்கத்திலேயே நின்றார். அவர் அப்படி நிற்கும்போது, ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

“அக்கா, இது ஒரு தட்டுதான். ஃப்ரீசர்ல இன்னும் குழாய்ல இருக்கு. வேற ஊரு லேப்புக்கும் அனுப்பியிருக்கோம். ஜெர்மனிலகூட இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

“அப்ப என் காலு ஊரெல்லாம் சுத்துதுன்னு சொல்லுங்க. நான் தஞ்சாவூரத் தாண்டுனதில்ல.” கொஞ்சம் கழித்து, “வெச்சுக்கங்க. யாருக்காவது ஒதவுனா சரி” என்றார்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்று மாலை மறுபடி சவ்வு போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் கிழிந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். ஓரகத்தி வீட்டு வாசலுக்குப் போனாராம். என்ன பேசுவது என்று தெரியாமல், கொஞ்சம் உப்பு இருக்கா என்று கேட்டாராம். அவள் உப்பு டப்பாவை அப்படியே கையில் கொடுத்துவிட்டு அழுதாளாம். “உக்காந்து எல்லாத்தயும் சொன்னேன் டீச்சர். கோடு ஏறுனத கையால வரஞ்சு காட்டுனேன். அவ நம்புனாளோ என்னமோ. ஆனா பேசிட்டோம்.”

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிடுவது வழக்கமானது. முதலில் சில அழைப்புகள் தவறின. கைபேசி நடைபாதை நாற்காலியில் கிடந்து அடித்து ஓய்ந்திருக்கும். வெளியே வரும்போது அவர் எண் இருக்கும். பிறகு நானே மதியம் வேலையை நிறுத்திவிட்டு, அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, என்ன குழம்பு, சர்க்கரை மாத்திரை போட்டீர்களா. சவ்வு இன்னைக்கு நின்னுச்சா என்று கேட்பார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நின்றது என்றால் “சரி” என்பார். கிழிந்தது என்றால் “நாளைக்கு நிக்கும்” என்பார்.

எங்கள் கட்டுரை வெளிவந்தபோது, கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், இந்தக் கிருமி யாருடைய காயத்திலிருந்து வந்ததோ அவருக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்தேன். அதைப் போனில் அவருக்குப் படித்துத் தமிழில் சொன்னேன்.

“என் பேரு இருக்கா?”

“போடக்கூடாதுக்கா. உங்களுதான்னு உறுதியாவும் தெரியாதுல்ல.”

“அதான் சரி” என்றார். “வேற எவளுதாவது இருந்தா அவளுக்கும் போய்ச் சேரட்டும்.”

அடுத்த வருடம் ஓரகத்தியின் மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவள், தன் அம்மாவையும் இவரையும் அங்கே வரச் சொன்னாள். உட்கார்ந்து செய்யும் வேலை. தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்ட வேண்டும். போகலாமா என்று என்னைக் கேட்டார். போங்கக்கா என்றேன். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

திருப்பூர் போன பிறகு இரண்டு மூன்று ஞாயிறு அழைப்பு இல்லை. அப்புறம் ஒரு நாள் வேலைக்கு நடுவிலிருந்து கூப்பிட்டார். பின்னால் தையல் மெஷின்கள், பெண்கள் சிரிக்கும் சத்தம், யாரோ பாட்டு போட்டிருந்தார்கள்.

“ஞாயித்துக்கெழமயும் வேல டீச்சர், ஆர்டர் இருக்கு. வரிசையா உக்காந்திருக்கோம், இருவது பேரு இருப்பாங்க. பேசிக்கிட்டே வெட்டுறோம். நடவு மாதிரியே இருக்கு, சேறுதான் இல்ல.” பிறகு, “நீங்க எப்படி இருக்கீங்க?” என்றார்.

“நல்லா இருக்கேன்க்கா.”

“என்னங்க? கேக்கல.”

இன்னொரு முறை சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார்.

இப்போது எப்போதாவது கூப்பிடுவார். பொங்கலுக்கு, அல்லது பஸ்ஸில் போகும்போது. அவசரமாக, சந்தோஷமாகப் பேசுவார். சவ்வைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார், நானும் எடுத்துச் சொல்வதில்லை. மே மாதம் திருப்பூர் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மே வந்தபோது விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. அடுத்த மே மாதத்திலும் அப்படித்தான் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் வேலையை நிறுத்துவதை மட்டும் நான் விடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போவேன்.